வெப்சைட்டுக்கு வந்தவர்கள் உண்மையில் எத்தனை பேர்? அனலிட்டிக்ஸ் கணக்கைச் சரிபார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

காரைக்குடியைச் சுற்றிப் பலகாரம் செய்து விற்பவர்கள், தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் பட்டறை வைத்திருப்பவர்கள், கண்டாங்கிச் சேலை விற்பவர்கள், கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டைத் தங்குமிடமாக நடத்துபவர்கள் என்று பலர் சொந்தமாக வெப்சைட் வைத்திருக்கிறார்கள். கூடவே, தளத்துக்கு வருபவர்களை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸும் இருக்கும். போட்டுக்கொடுத்தவர் வேறு வேலைக்குப் போயிருப்பார், எண்கள் மட்டும் வந்துகொண்டே இருக்கும். பலகாரக் கடை நடத்தும் ஆச்சி ஒருவர் என்னிடம் கேட்டார்: "எண்ணூறு பேரு வந்திருக்காகன்னு காட்டுதே தம்பி, அம்புட்டுப் பேரும் பாத்துட்டு ஒரு அதிரசம்கூடக் கேக்காமயா போவாக?"

சரியான கேள்வி. அந்த எண்ணூறில் மனிதர்கள் எத்தனை பேர், கடைக்காரரின் சொந்தப் பிள்ளைகள் எத்தனை பேர், எங்கோ ஒரு சர்வரில் ஓடும் நிரல் எத்தனை, ஒரே ஆளே இரண்டு மூன்றாக எண்ணப்பட்டது எத்தனை என்று பிரித்துப் பார்க்கும் வரை அந்த எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது, விளம்பரத்துக்குப் பணம் போடவும் கூடாது. அதை எப்படிப் பிரிப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன். எல்லாம் கூகுள் அனலிட்டிக்ஸின் இப்போதைய பதிப்பான ஜிஏ4 வைத்துத்தான். பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் சாதாரணக் கணக்குகளுக்கு 2023 ஜூலை 1 முதல் புதிய தரவு வாங்குவதை நிறுத்திவிட்டது. எண்ணும் முறையே வேறு என்பதால் அந்தக் காலத்து அறிக்கையை இன்றைய எண்ணோடு ஒப்பிட வேண்டாம்.

முதலில் கையில் இருக்கும் கணக்கை எடுங்கள்

அனலிட்டிக்ஸைத் திறப்பதற்கு முன், போன மாதம் வெப்சைட் வழியாக வந்த ஆர்டர்கள் எத்தனை, தொகை எவ்வளவு என்று பேமென்ட் கேட்வேயின் (ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவை) டாஷ்போர்டிலிருந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தங்குமிடம் என்றால் உறுதியான முன்பதிவுகள். கல் பட்டறை என்றால் வாட்ஸ்அப்பில் வந்த விசாரணைகள். சிட்டையையும் பேரேட்டையும் ஒத்துப்பார்க்காமல் நம் ஊரில் யாரும் ஐந்தொகை எடுத்ததில்லை, இங்கேயும் அதே வழக்கம்தான்: ஒரு பக்கம் பணம் சொல்லும் கணக்கு, மறுபக்கம் அனலிட்டிக்ஸ் சொல்லும் கணக்கு, இரண்டுக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி, அது ஏன்.

நூற்றுக்கு நூறு ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். எந்த வெப்சைட்டிலும் அப்படி ஒத்துப்போவதில்லை, ஏன் என்பது கீழே வரும். இடைவெளி மாதா மாதம் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் அந்தக் கணக்கை நம்பி வேலை செய்யலாம், திடீரென்று மாறினால் எங்கோ ஏதோ உடைந்திருக்கிறது.

இன்றைக்கே செய்துவிட வேண்டிய ஒன்று இருக்கிறது. அனலிட்டிக்ஸின் அட்மின் பகுதியில் டேட்டா ரிடென்ஷன் (தரவை வைத்திருக்கும் காலம்) என்ற இடத்தைத் திறந்து பாருங்கள், அநேகமாக 2 மாதம் என்று இருக்கும். அதை 14 மாதமாக மாற்றுங்கள். 2 மாதத்திலேயே விட்டால் சாதாரண அறிக்கைகள் பாதிக்கப்படாது, ஆனால் நாமே அட்டவணை போட்டுப் பார்க்கும் எக்ஸ்ப்ளோர் பகுதியில் ஆழமாகத் தோண்ட நினைக்கும்போது பழைய தரவு இருக்காது. பலகாரத் தொழிலுக்கு ஒரு தீபாவளியை இன்னொரு தீபாவளியோடு ஒப்பிட்டே ஆக வேண்டும், அதற்கு 2 மாதம் போதாது.

டேக் இரண்டு முறை ஓடுகிறதா?

டேக் என்பது வருகையை எண்ணி அனலிட்டிக்ஸுக்கு அனுப்பும் சிறு நிரல், அது இரண்டு முறை ஓடுவது மிகவும் சாதாரணமாக நடக்கிற கோளாறு. வேர்ட்பிரஸில் ஒருவர் தீமின் ஹெடரில் டேக்கை ஒட்டியிருப்பார், அப்புறம் வந்தவர் அதே வேலையைச் செய்யும் சைட் கிட் பிளகினைப் போட்டிருப்பார், மூன்றாமவர் டேக்குகளை நிர்வகிக்கும் டேக் மேனேஜர் வழியாக அதே கணக்கின் ஐடியை மறுபடியும் சேர்த்திருப்பார். ஒரு பக்கத்தைத் திறந்தால், பக்கம் பார்த்ததாக இரண்டு பேஜ்வியூ போகும்.

இதைப் பிடிக்க ஒரு நல்ல அறிகுறி உண்டு. ஒரு செஷனில், அதாவது ஒருமுறை வந்து போவதில், 10 விநாடிக்கு மேல் இருந்தாலோ, இரண்டு பக்கமாவது பார்த்தாலோ, கீ ஈவன்ட் (முக்கியமான செயல்) என்று நீங்கள் குறித்த ஒன்று நடந்தாலோ ஜிஏ4 அதை ஈடுபாடுள்ள செஷன் என்று கணக்கில் எடுக்கும். டேக் இரண்டு முறை ஓடினால் வந்தவுடன் திரும்பிப் போனவர்கூட இரண்டு பக்கம் பார்த்தவர் ஆகிவிடுவார். அதனால் ஈடுபாடுள்ள செஷன்களின் சதவீதமான என்கேஜ்மென்ட் ரேட் நூறை நெருங்கி நின்றால் சந்தோஷப்படுவதற்கு முன் டேக்கைப் பாருங்கள். கூகுளின் டேக் அசிஸ்டன்ட் கருவியில் உங்கள் தள முகவரியைக் கொடுத்து, ஜிஏ4 இல் டெபக்வியூவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே ஒரு பக்கத்தைத் திறங்கள், பேஜ்வியூ ஒரு முறை வந்தால் சரி, இரண்டு வந்தால் ஒரு வழியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் எடுத்துவிடுங்கள். மெனுவைத் தொட்டால் முழுப் பக்கமும் திரும்ப லோட் ஆகாத நவீன வகைத் தளமாக இருந்தால், பக்கம் மாறும்போதும் இதே சோதனையைச் செய்யுங்கள், அங்கேயும் இரட்டிப்பு வரும்.

இதற்கு எதிர்க்கோளாறும் உண்டு. புதிதாகச் சேர்த்த பக்கத்தில், குறிப்பாக வேறொரு மென்பொருளில் ஓடும் முன்பதிவுப் பக்கத்தில், டேக்கே இருக்காது. முக்கியமான பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து ரியல்டைம் அறிக்கையில் வருகிறதா என்று பாருங்கள்.

நேர மண்டலம்

அட்மினில் ப்ராபர்ட்டி விவரத்தில் இந்திய நேரமும் ரூபாயும் இருக்கிறதா? அமெரிக்காவின் பசிபிக் நேரம் வைத்த கணக்குகளை அடிக்கடி பார்க்கிறேன். அப்படி இருந்தால் அங்கே நள்ளிரவு அடிக்கும்போது நமக்கு மதியம் 12:30, அவர்களுடைய குளிர்காலத்தில் 1:30. காலையில் வந்த ஆர்டர் நேற்றைய கணக்கிலும் மாலையில் வந்தது இன்றைய கணக்கிலும் விழும், பேரேட்டோடு ஒருநாளும் ஒத்துப்போகாது. மாற்றினால் அன்றிலிருந்துதான் சரியாகும், பழையது பழையபடியே இருக்கும். கூகுள் தேடலில் உங்கள் தளம் வந்த கணக்கைக் காட்டும் சர்ச் கன்சோலின் தினசரிக் கணக்கு பசிபிக் நேரத்தில்தான் வரும் என்பதால் அதையும் ஜிஏ4 கணக்கையும் நாள்வாரியாக ஒப்பிடாமல் மாதவாரியாகப் பாருங்கள்.

நம் ஆட்களைக் கணக்கிலிருந்து நீக்குவது

கடையில் உட்கார்ந்து விலையைத் திருத்துபவர், படம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கும் பேக்கிங் பையன், சென்னையில் இருக்கும் மகள், வெப்சைட் செய்தவர், இவர்கள் எல்லோரும் சேர்ந்தால் சிறிய தளத்தில் கணிசமான பங்கு வந்துவிடும். ஜிஏ4 இல் இன்டர்னல் டிராஃபிக் என்று ஐபி முகவரியை (இணைய இணைப்பின் அடையாள எண்) கொடுத்து நீக்க வழி இருக்கிறது. அதில் இரண்டு சிக்கல்.

ஒன்று, ஐபியைக் கொடுத்தால் மட்டும் போதாது. டேட்டா ஃபில்டர்ஸ் பகுதியில் அந்த ஃபில்டர் டெஸ்டிங் நிலையில் இருக்கும், அதை ஆக்டிவ் ஆக்கும் வரை எதுவும் நீங்காது. ஆக்டிவ் ஆக்கியபின் நீக்கப்பட்ட தரவு திரும்ப வராது, பழைய தரவும் சுத்தமாகாது, அதனால் டெஸ்டிங்கில் சில நாள் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

இரண்டு, வீட்டு ஃபைபர் இணைப்பில் ஐபி பெரும்பாலும் மாறிக்கொண்டே இருக்கும். மொபைல் டேட்டாவில் ஒரே ஐபியைப் பலர் பகிர்ந்துகொள்வார்கள், அதை நீக்கினால் வாடிக்கையாளரும் சேர்ந்து போவார். எனவே ஐபியை நம்பாமல் இப்படிச் செய்வது நல்லது: யாருக்கும் தெரியாத ஒரு பக்கத்தைத் தளத்தில் வையுங்கள், அதைத் திறந்தால் அந்த பிரவுசரில் ஒரு அடையாளம் பதியட்டும். டேக் மேனேஜர் அந்த அடையாளத்தைப் பார்த்தால் டிராஃபிக் டைப் என்ற அளவுருவில் இன்டர்னல் என்று அனுப்பட்டும். கடை ஆட்கள் எல்லோருடைய போனிலும் அந்தப் பக்கத்தை ஒருமுறை திறந்துவிட்டால் போதும், அவர்கள் எந்த ஊரில் எந்த நெட்வொர்க்கில் இருந்தாலும் ஃபில்டரில் சிக்குவார்கள். பிரவுசர் தரவை அழித்தாலோ புதுப் போன் வாங்கினாலோ மறுபடி திறக்க வேண்டும். ஐபோனில் இந்த அடையாளம் சில நாட்களில் அழிந்துவிடலாம் என்பதால் அங்கே அவ்வப்போது திறந்து விடுங்கள்.

சிங்கப்பூர்: உறவா, சர்வரா?

செட்டிநாட்டுத் தொழில்களுக்கு இதைவிடப் பெரிய சிக்கல் அனலிட்டிக்ஸில் இல்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மற்ற ஊர்க்காரர்களுக்கு ஆலோசனை எளிது, சம்பந்தமில்லாத நாட்டிலிருந்து கூட்டம் வந்தால் பாட் (தானாக ஓடும் நிரல்) என்று ஒதுக்கிவிடுங்கள் என்று சொல்லிவிடலாம். நமக்கு அப்படி முடியாது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நகரத்தார் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கிறார்கள், சீப்பு சீடையும் மாவுருண்டையும் கேட்டு வாங்குபவர்கள் அவர்கள். அதே சிங்கப்பூர்தான் ஆசியாவின் மிகப் பெரிய டேட்டா சென்டர் மையங்களில் ஒன்று. அங்கே வாடகைக்கு எடுத்த சர்வரில் ஓடும் நிரல் உங்கள் பக்கத்தைத் திறந்தால் ஜிஏ4 அதையும் சிங்கப்பூர் வருகையாளர் என்றுதான் காட்டும். 2025 இன் பிற்பகுதியில் சீனாவின் லான்ஜோவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் திடீரென்று பெரும் கூட்டம் வருவதாக உலகம் முழுவதும் ஜிஏ4 பயன்படுத்துபவர்கள் புகார் சொன்னார்கள். அது வாடிக்கையாளர் கூட்டம் இல்லை. தெரிந்த பாட்களின் பட்டியலை வைத்து ஜிஏ4 தானாகவே ஒரு பகுதியை நீக்கிவிடும், ஆனால் சாதாரண குரோம் போலவே நடிக்கும் நிரல்கள் அந்தப் பட்டியலில் இருக்காது.

பிரிப்பதற்கு எக்ஸ்ப்ளோர் பகுதியில் ஒரு அட்டவணை போடுங்கள். நாடு சிங்கப்பூர் என்று ஃபில்டர் வைத்து, மணிவாரியாகச் செஷன்களைப் பாருங்கள். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே மனிதர்கள் தூங்கும் இரவு 1 மணி முதல் காலை 6 மணி வரை என்பது நம் நேரப்படி இரவு 10:30 முதல் அதிகாலை 3:30 வரை. உறவுக்காரர்கள் பார்க்கிறார்கள் என்றால் அந்த நேரத்தில் எண்ணிக்கை விழ வேண்டும், அவர்கள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, நமக்குச் சாயங்காலம், ஏற வேண்டும். இருபத்து நாலு மணி நேரமும் ஒரே மட்டத்தில் போனால் அது சர்வர்.

அப்புறம் சாதனம். பலகாரம் வாங்க வருபவர் பெரும்பாலும் போனில் வருவார், பாட்கள் பெரும்பாலும் டெஸ்க்டாப் என்று காட்டும், திரை அளவும் வரிசையாக ஒன்றே இருக்கும். சராசரி ஈடுபாட்டு நேரம் பூஜ்யத்தை ஒட்டி இருக்கிறதா, வந்த வழி எல்லாம் டைரக்ட் (எங்கிருந்து என்று தெரியாதது) என்றே இருக்கிறதா, ஸ்க்ரோல் ஈவன்ட் இல்லையா, பொருள் பக்கத்துக்கு யாரும் போகவே இல்லையா என்று சேர்த்துப் பாருங்கள். ஒரே ஒரு அறிகுறியை வைத்து யாரையும் ஒதுக்க வேண்டாம், மூன்று நான்கு சேர்ந்து வந்தால் ஒதுக்கலாம்.

கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது? ஜிஏ4 இன் டேட்டா ஃபில்டரில் நாட்டை நீக்கும் வசதி கிடையாது. எக்ஸ்ப்ளோரில் ஒரு செக்மென்ட் (தனிப் பிரிவு) உருவாக்கி, அந்த அறிகுறிகள் சேர்ந்த வருகைகளைத் தள்ளிவிட்டுப் பார்க்கலாம். நிரந்தரமாகத் தடுக்க வேண்டும் என்றால் கிளவுட்ஃபிளேர் போன்ற பாதுகாப்புச் சேவை ஒன்றைத் தளத்துக்கு முன்னால் வைத்து, டேட்டா சென்டர் நெட்வொர்க்குகளிலிருந்து வருபவர்களுக்கு மட்டும் சோதனைப் பக்கம் காட்டச் செய்யலாம், அதில் கூகுள் போன்ற தேடுபொறிகளின் பாட்களுக்கு விலக்குக் கொடுக்க மறக்காதீர்கள். தயவுசெய்து சிங்கப்பூர் முழுவதையும் பிளாக் செய்துவிடாதீர்கள். அப்படிச் செய்துவிட்டு எண் சுத்தமாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்தால், அந்தத் தீபாவளிக்கு வரவேண்டிய ஆர்டர் வாசலிலேயே திரும்பிப் போயிருக்கும், அது உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

வருகை எந்தத் தளத்தின் பெயரில் பதிந்தது என்று காட்டும் ஹோஸ்ட்நேமையும் ஒருமுறை பாருங்கள். உங்கள் டொமைன் அல்லாத பெயர் இருந்தால், தளம் செய்தவரின் சோதனைப் பிரதியிலிருந்தோ உங்கள் ஐடியை எடுத்துப் பயன்படுத்தும் ஸ்பாமிலிருந்தோ அது வருகிறது.

டைரக்ட் என்றால் வாட்ஸ்அப்

முகவரியைத் தானே டைப் செய்து வருபவர்தான் டைரக்ட் என்று பலர் நினைக்கிறார்கள். எங்கிருந்து வந்தார் என்று தெரியாத எல்லோரும் அதில்தான் விழுவார்கள், வாட்ஸ்அப் ஆப்பில் லிங்கைத் தொட்டு வருபவர்களில் பெரும்பாலோர் அதில்தான். நம் வியாபாரம் நடப்பதே குடும்பக் குழுக்களில் பகிரப்படும் லிங்க்கில்தான் என்னும்போது, எது வேலை செய்கிறது என்று தெரியாமலே போய்விடுகிறது.

நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு லிங்க்கின் கடைசியிலும் யூடிஎம் என்ற அடையாளச் சொற்களைச் சேர்த்துவிடுங்கள். சோர்ஸ் (எங்கிருந்து), மீடியம் (எந்த வகை வழி), கேம்பெய்ன் (எதற்காக) மூன்றும் போதும். சோர்ஸில் வாட்ஸ்அப், கேம்பெய்னில் தீபாவளி, பொங்கல் என்று. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து சின்ன எழுத்து வேறுபட்டால் ஜிஏ4 தனித்தனியாகப் பிரித்துவிடும், எல்லாவற்றையும் சின்ன எழுத்தில் வைத்து ஒரு ஷீட்டில் பட்டியலாக வைத்திருங்கள். விசிட்டிங் கார்டிலும் பலகார டப்பாவிலும் அச்சிடும் க்யூஆர் கோடுக்கும் தனி யூடிஎம் கொடுங்கள். ஆனால் உங்கள் தளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும் லிங்க்கில் யூடிஎம் போட வேண்டாம், அவர் முதலில் எங்கிருந்து வந்தார் என்ற தகவலைக் குழப்பிவிடும்.

யுபிஐயில் தொலையும் ஆர்டர்

கேட்வேயில் நாற்பது ஆர்டர் இருக்கும், ஜிஏ4 இல் முப்பது இருக்கும். மீதி எங்கே? பெரும்பாலான தளங்களில், விற்பனையைப் பதியும் பர்ச்சேஸ் ஈவன்ட் பணம் கட்டியபின் வரும் நன்றிப் பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கும். போனில் யுபிஐ மூலம் கட்டுபவர் பிரவுசரை விட்டு கூகுள் பே, போன்பே என்று தாவுகிறார், பணம் போய்விட்டது என்று டிக் வந்ததும் போனை மேசையில் வைத்துவிடுகிறார். நன்றிப் பக்கம் திறக்கவே இல்லை, விற்பனை பதியவும் இல்லை. கார்டில் கட்டும் வெளிநாட்டுக்காரர் திரும்பி வந்துவிடுவார், அதனால் அறிக்கையைப் பார்த்தால் வெளிநாட்டு விற்பனைதான் அதிகம், உள்ளூரில் வாங்குபவர் குறைவு என்று தோன்றும். அதை நம்பி உள்ளூர் விளம்பரத்தை நிறுத்தினால் நஷ்டம்.

தீர்வு சர்வர் பக்கம் இருக்கிறது. பணம் வந்ததும் கேட்வே உங்கள் சர்வருக்கு வெப்ஹுக் என்ற தானியங்கித் தகவலை அனுப்பும், அங்கிருந்து மெஷர்மென்ட் புரோட்டோகால் என்ற நேரடி வழியாக ஜிஏ4 க்குப் பர்ச்சேஸை அனுப்பலாம். ஆர்டர் போடும்போதே அந்த பிரவுசருக்கு ஜிஏ4 கொடுத்த கிளையன்ட் ஐடியையும் அந்த வருகையின் செஷன் ஐடியையும் ஆர்டரோடு சேமித்து வைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் விற்பனை பதியும், ஆனால் எந்த லிங்க்கிலிருந்து வந்தவர் என்று தெரியாது. டிரான்ஸாக்ஷன் ஐடி கட்டாயம் வேண்டும். நன்றிப் பக்கமும் சர்வரும் இரண்டும் அனுப்பினாலும், யாராவது நன்றிப் பக்கத்தை ரீலோட் செய்தாலும், அதே பயனரின் அதே ஐடியை ஜிஏ4 ஒருமுறைதான் எண்ணும். இதைச் செய்ய ஆள் இல்லை என்றால் விற்பனைக் கணக்கைக் கேட்வேயிலிருந்து மட்டும் எடுங்கள், ஜிஏ4 ஐ வழி தெரிந்துகொள்ள மட்டும் பயன்படுத்துங்கள்.

கேட்வேயின் டொமைனை லிஸ்ட் அன்வான்டட் ரெஃபரல்ஸ் பகுதியில் சேர்க்கவும் வேண்டும். இல்லாவிட்டால் இன்ஸ்டாகிராம் பார்த்து வந்தவரின் விற்பனை, கேட்வே அனுப்பிய விற்பனையாகக் காட்டப்படும்.

திருத்த முடியாதவை

ஒருவர் இன்ஸ்டாகிராமுக்குள் திறக்கும் பிரவுசரில் பார்த்துவிட்டு, ராத்திரி குரோமில் திறந்து, மறுநாள் அலுவலகக் கணினியில் வாங்கினால் அவர் மூன்று பேர். ஐபோனின் சஃபாரி, பக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்ட் பிரவுசரில் வைக்கும் குக்கீ என்ற அடையாளத்தை 7 நாளில் அழித்துவிடும், இடையில் வராமல் எட்டாம் நாள் வருபவர் புது ஆள். பிரேவ் பிரவுசரும் விளம்பரத் தடுப்பான்களும் வைத்திருப்பவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். தங்குமிடம் நடத்துபவர்களுக்கு ஐரோப்பிய விருந்தினர் அதிகம், அவர்கள் குக்கீ அனுமதி கேட்கும் பெட்டியில் வேண்டாம் என்று சொன்னால் அவர்களும் முழுமையாக எண்ணப்பட மாட்டார்கள். அது அவர்கள் உரிமை, அதைச் சுற்றி வழி தேட வேண்டாம். ஆகவே யூசர் என்ற எண்ணை ஆள் கணக்காக வாசிக்காதீர்கள், கூடுகிறதா குறைகிறதா என்று மட்டும் பாருங்கள். முப்பது நாள் யூசர்களைக் கூட்டினால் மாத யூசர் வராது, ஒரே ஆள் பல நாள் வந்திருப்பார்.

ஊர்ப் பெயரும் அப்படித்தான். ஐபியை வைத்து ஊகிப்பதால் காரைக்குடியில் மொபைல் டேட்டாவில் பார்ப்பவர் சென்னை, கோயம்புத்தூர் என்று வருவார். தேவகோட்டையில் யாருமே பார்க்கவில்லை என்று அறிக்கையைப் பார்த்து முடிவு கட்ட வேண்டாம். நாடு வரைக்கும் நம்பலாம், அதற்குக் கீழே எச்சரிக்கை வேண்டும்.

விளம்பரத்தில் 200 கிளிக், ஜிஏ4 இல் 140 செஷன் என்று வந்தால் உடனே ஏமாற்றுவேலை என்று நினைக்க வேண்டாம். பக்கம் திறக்கும் முன்பே திரும்பியவர்கள், தெரியாமல் விரல் பட்டவர்கள், டேக் தடுக்கப்பட்டவர்கள் எல்லாம் இடையில் விழுவார்கள். இடைவெளி பாதிக்கு மேல் போனால் முதலில் பக்கத்தின் வேகத்தைப் பாருங்கள். பெரிய வீட்டுப் படங்களைச் சுருக்காமல் அப்படியே ஏற்றியிருப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் காரணம். ஹோஸ்டிங் கம்பெனி தரும் சர்வர் கணக்கு எப்போதும் பல மடங்கு காட்டும், வாட்ஸ்அப்பில் லிங்க்கை ஒட்டும்போது முன்னோட்டப் படம் எடுக்க வருவதைக்கூட அது எண்ணும், அதை ஆள் கணக்குக்கு எடுக்கவே வேண்டாம்.

தேதியை ஒப்பிடும்போது

இது கருவியின் பிழை இல்லை, நாம் வாசிப்பதில் வரும் பிழை, ஆனால் விளைவு பெரியது. தீபாவளி 2024 இல் அக்டோபர் 31, 2025 இல் அக்டோபர் 20, 2026 இல் நவம்பர் 8. அக்டோபர் மாதத்தை அக்டோபர் மாதத்தோடு ஒப்பிட்டால் 2026 இல் வியாபாரம் படுத்துவிட்டது போலத் தெரியும், கூட்டம் நவம்பர் முதல் வாரத்துக்குப் போயிருக்கும். தீபாவளிக்கு முந்தைய நாளிலிருந்து பின்னோக்கி 30 நாள் எண்ணி, போன வருடத் தீபாவளிக்கும் அதேபோல 30 நாள் எடுத்து ஒப்பிடுங்கள். நேற்று, இன்று எண்களை அதில் சேர்க்க வேண்டாம், ஜிஏ4 தரவு முழுதாகச் சேர 24 முதல் 48 மணி நேரம் ஆகலாம்.

போனில் கூப்பிடுபவர்கள்

கல் பட்டறைகளுக்கு வெப்சைட்டில் விற்பனையே நடக்காது. சென்னையிலோ பெங்களூரிலோ வீடு கட்டுபவர் டிசைனைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுவார், வாட்ஸ்அப்பில் அளவு அனுப்புவார். வாட்ஸ்அப் பட்டனைத் தொடுவது வெளி லிங்க் கிளிக்காக ஜிஏ4 இல் தானாகவே பதியும், அதில் வாட்ஸ்அப் கிளிக்கை மட்டும் தனி ஈவன்ட்டாகப் பிரித்துக் கீ ஈவன்ட்டாகக் குறியுங்கள். போன் எண்ணைத் தொடுவதற்கு டேக் மேனேஜரில் தனியாக ஒரு டிரிகர் வைக்க வேண்டும்.

பட்டனைத் தொட்டவர் எல்லோரும் பேசுவதில்லை, கணினியில் பார்த்துவிட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு போனில் கூப்பிடுபவர் பதிவதே இல்லை. அதனால் போன் எடுப்பவரிடம் ஒரு நோட்டுக் கொடுங்கள். "எங்க பாத்துட்டுக் கூப்புடுறீக?" என்று கேட்டு, தேதி, ஊர், எத்தனை சதுர அடி, எந்த வழியாக வந்தார் என்று நாலு கட்டம் போட்டு எழுதட்டும். மாதக் கடைசியில் அந்த நோட்டையும் ஜிஏ4 இன் கீ ஈவன்ட் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டேக்கை மாற்றியது, ஃபில்டரை ஆக்டிவ் ஆக்கியது, படங்களைச் சுருக்கியது எல்லாவற்றையும் எந்தத் தேதியில் செய்தீர்கள் என்று அதே நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள், ஜிஏ4 வரைபடத்திலேயே குறிப்பு எழுதும் வசதியும் 2025 முதல் இருக்கிறது. அடுத்த தடவை கோடு சட்டென்று ஏறினாலோ இறங்கினாலோ முதலில் அந்தப் பக்கத்தைப் புரட்டுங்கள்.